நாட்குறிப்பில் வரும் அந்த மனிதர் யார்?



கடிதம் எழுதுபவர் அதைப் பெறுபவரை மனதிற் கொண்டு எழுதுகிறார். கிதாபு எழுதுபவர் மாணவர்களை மனதிற் கொண்டு எழுதுகிறார். நாட்குறிப்பு எழுதுபவரோ தனக்காக மட்டுமே எழுதுகிறார். ஆதலால் "இன்று அபூ பக்ர் வந்தார், தர வேண்டியதைத் தந்தார்" என்று எழுதினால், எந்த அபூ பக்ர் என்பதை அவர் விளக்குவதில்லை. அவருக்குத் தெரியும், அது போதும். எழுதியவர் மறைந்து, அவரை அறிந்தவர்களும் மறைந்து, பல நூறு வருடங்கள் கழித்து அந்த ஏடு இன்னொருவர் கைக்கு வரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அந்த அபூ பக்ர் யார்? கடைக்காரரா, பக்கத்து வீட்டுக்காரரா, பெயர் பெற்ற ஆலிமா?

"யாராயிருந்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நாட்குறிப்பில் நல்லதும் எழுதப்படுகிறது, கெட்டதும் எழுதப்படுகிறது. ஒருவர் சண்டை பிடித்தார், ஒருவர் வாக்கு மீறினார் என்றெல்லாம் அதில் வரும். அதே பெயருடைய வேறொருவர் தலையில் அந்தக் குற்றத்தை நாம் சுமத்திவிட்டால், தன் பக்கம் பேச நாவில்லாத ஒரு மையித்தின் மீது பழி சுமத்தியவர்களாகி விடுவோம். அதனால்தான் இந்த வேலையை நமது முன்னோர் விளையாட்டாக எண்ணவில்லை. அதற்கென்றே தனிக் கலைகளை வகுத்தார்கள்.

பக்தாதின் ஓர் ஏடு

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னு அஹ்மத் இப்னுல் பன்னா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 396 இல் பிறந்து 471 இல் வபாத்தானவர். ஹன்பலி மத்ஹபின் பெரியார்களுள் ஒருவர். காழி அபூ யஃலா (ரஹ்) அவர்களின் மாணவர். கிராஅத்திலும் ஹதீஸிலும் பிக்ஹிலும் கைதேர்ந்தவர். நூற்றைம்பது நூல்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. கலீபா அல்மன்ஸூரின் ஜும்ஆப் பள்ளியிலும் அரண்மனைப் பள்ளியிலும் அவருக்குப் பாட வட்டங்கள் இருந்தன.

இவர் தன் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. ஹிஜ்ரி 460 ஷவ்வால் மாதம் முதல் 461 துல்கஃதா வரை, அதாவது கி.பி. 1068 ஆகஸ்ட் முதல் 1069 செப்டெம்பர் வரையான ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலம் அதில் அடங்கும். டமஸ்கஸ் நகரின் ழாஹிரிய்யா நூலகத்தில் இருந்த இந்த ஏட்டை ஜோர்ஜ் மக்திஸி என்ற அமெரிக்க அறிஞர் படித்து, அறபு மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் குறிப்புகளையும் சேர்த்து 1956, 1957 ஆம் ஆண்டுகளில் லண்டன் பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் ஐந்து பகுதிகளாக வெளியிட்டார்.

அப்பாஸியக் கலீபா அல்காஇம் ஆட்சியிலிருந்த காலம் அது. ஸல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸலானின் கை ஓங்கியிருந்தது. நிழாமிய்யா மத்ரஸா திறந்து ஒரு வருடந்தான் ஆகியிருந்தது. ஆனால் இப்னுல் பன்னாவின் ஏட்டில் அரச காரியங்களை விட ஊர்க் காரியங்களே அதிகம். யார் மௌத்தானார், யாருடைய ஜனாஸாவுக்கு யார் வந்தார், உலமாக்களிடையே என்ன பிணக்கு, யார் என்ன கனவு கண்டார், அதற்கு என்ன விளக்கம் என்பன போன்ற செய்திகள். நாம் இன்று வீட்டுத் திண்ணையிலும் தொலைபேசியிலும் பேசிக்கொள்ளும் சங்கதிகள்தான். அவற்றோடு ஏராளமான மனிதர்கள் வந்து போகிறார்கள். சிலர் ஒரே ஒரு தடவை மட்டும் வந்து மறைந்து விடுகிறார்கள்.

பெயரின் உறுப்புகள்

அறபுப் பெயர் ஒரு சொல்லில் முடிவதில்லை. சொந்தப் பெயர், தந்தையின் பெயர், பாட்டனாரின் பெயர், "அபூ", "உம்மு" என்று தொடங்கும் குன்யா, ஊரையோ தொழிலையோ குலத்தையோ காட்டும் நிஸ்பா, பட்டப் பெயரான லகப் என்று அது நீளும். நூலில் எழுதுபவர் இவற்றில் நாலைந்தையாவது தருவார். நாட்குறிப்பு எழுதுபவர் ஒன்றுடன் நிறுத்திக் கொள்வார். இப்னுல் பன்னா "ஷரீப் அபூ ஜஃபர்" என்று எழுதினால், அது அன்றைய ஹன்பலிகளின் தலைவராக விளங்கிய அப்துல் காலிக் இப்னு ஈஸா அல்ஹாஷிமீ என்று கண்டுகொள்வது எளிது. அவர் புகழ் பெற்றவர். பல கிதாபுகளில் இருக்கிறார். புகழில்லாதவரின் விடயத்தில்தான் கஷ்டம்.

இதற்கு ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறும் ஓர் உதாரணம் பிரசித்தமானது. அஹ்மத் இப்னு ஜஃபர் இப்னு ஹம்தான் என்ற பெயரில், தந்தை பெயரும் பாட்டனார் பெயரும் கூட ஒன்றாக, ஒரே காலத்தில் நான்கு பேர் வாழ்ந்தார்கள். நால்வருமே அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஓர் ஆசிரியரிடமிருந்து ஹதீஸ் அறிவித்தார்கள். அதிலும் இருவருக்குக் குன்யாவும் "அபூ பக்ர்" தான். அவ்விருவரின் ஆசிரியர்களும் "அப்துல்லாஹ் இப்னு அஹ்மத்" தான்! ஆனால் ஒருவர் பக்தாதின் கதீஈ. அவருடைய ஆசிரியர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் மகன். மற்றவர் பஸராவின் ஸகதீ. அவருடைய ஆசிரியர் தவ்ரகீயின் மகன். மூன்றாமவர் தீனவரைச் சேர்ந்தவர், நான்காமவர் தர்ஸூஸைச் சேர்ந்தவர். ஊரையும் ஆசிரியரின் முழுப் பெயரையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர் எங்கே போய் விழுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இடம் பார்த்துப் பெயரறியும் ஒரு வழியும் உண்டு. வெறுமனே "அப்துல்லாஹ்" என்று சொல்லப்பட்டால், சொல்பவர் மக்காவாசியாயின் அது இப்னு ஸுபைர். மதீனாவாசியாயின் இப்னு உமர். கூபாவாசியாயின் இப்னு மஸ்ஊத். பஸராவாசியாயின் இப்னு அப்பாஸ் (ரழியல்லாஹு அன்ஹும்). குராஸானில் என்றால் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) என்று முன்னோர் விளக்கினார்கள். ஒவ்வோர் ஊருக்கும் அந்த ஊரார் விளக்கமின்றியே அறியும் ஓர் அப்துல்லாஹ் இருந்திருக்கிறார். நாட்குறிப்பைப் படிப்பவரும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இவர் எந்தத் தெருவில் நின்று பேசுகிறார்? எந்தப் பள்ளியில் தொழுதவர்? யாருடைய வட்டத்தைச் சேர்ந்தவர்?

தேடும் முறை

ஏட்டில் ஒரு பெயரைக் கண்டதும் அறிஞர் செய்யும் வேலையைச் சமையலறையில் அரிசி புடைப்பதற்கு ஒப்பிடலாம். முதலில், அக்காலத்து வரலாற்று அகராதிகளில் அந்தப் பெயருடைய எல்லோரையும் ஒன்று சேர்க்கிறார். கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களின் "தாரீகு பக்தாத்" ஒன்றிலேயே 7,800 பேருக்கு மேல் உள்ளனர். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் தமது "அல்முன்தழம்" நூலில் ஒவ்வொரு வருடத்தின் நிகழ்ச்சிகளையும் கூறிவிட்டு, அவ்வருடம் மௌத்தானவர்களின் விபரத்தையும் தருகிறார்கள். இப்னு ரஜப் (ரஹ்) அவர்கள் ஹன்பலிகளின் வரலாறுகளைத் தனியாகத் தொகுத்துள்ளார்கள்.

அடுத்து, சேர்த்ததைப் புடைக்க வேண்டும். ஹிஜ்ரி 460 க்கு முன் மௌத்தானவர் 461 இல் வந்து பேச முடியாது, அவரை நீக்கிவிடலாம். அந்த ஆண்டில் கைக்குழந்தையாயிருந்தவரையும் நீக்கிவிடலாம். அப்போது வேறு நாட்டில் வாழ்ந்தவரையும் ஒதுக்கலாம். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இப்னுல் பன்னாவின் ஏட்டில் கனவுகள் நிறைய வருகின்றன. கனவில் வருபவர் மௌத்தானவராகவும் இருக்கலாமே! ஆகவே பெயர் விழிப்பில் வருகிறதா கனவில் வருகிறதா என்று பாராமல் ஆளை நீக்கிவிடக் கூடாது.

இறுதியில் ஒருவர் மிஞ்சினாலும் உடனே "இவர்தான்" என்று சொல்லிவிட முடியாது. அகராதிகளில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் உலமாக்களும் ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும்தான். தயிர் விற்றவரையும் விறகு சுமந்தவரையும் யாரும் அகராதியில் எழுதவில்லை. ஆகவே அகராதியில் ஓர் "அபூ பக்ர்" மட்டும் மிஞ்சினார் என்பதால், பக்தாதில் ஓர் அபூ பக்ர்தான் இருந்தார் என்று ஆகிவிடாது. குன்யா, தொழில், அடக்கம் செய்யப்பட்ட இடம், வபாத்தான நாள் என்று குறைந்தது இரண்டு மூன்று அடையாளங்கள் பொருந்தி வந்தால்தான் மனம் அமைதியடைய வேண்டும்.

எழுதியவருக்கே வந்த வழக்கு

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாட்குறிப்பை எழுதிய இப்னுல் பன்னா மீதே ஓர் ஆள்மாறாட்டப் பழி சுமத்தப்பட்டது. அல்ஹஸன் இப்னு அஹ்மத் இப்னு அப்துல்லாஹ் அந்நைஸாபூரீ என்றொருவர் இருந்தாராம். நிறைய ஹதீஸ் கேட்டவராம். அவருடைய பெயர் எழுதப்பட்ட சான்றுகளில் "நைஸாபூரீ" என்பதன் கடைசி எழுத்துகளைச் சுரண்டிவிட்டு, "ஸீன்" எழுத்தை நீட்டி, "அல்பன்னா" என்று ஆக்கி, அந்தக் கல்வியை இப்னுல் பன்னா தனதாக்கிக் கொண்டாராம். இப்படி ஒரு பேச்சு உலவியது. அறபு எழுத்தைப் புள்ளியின்றி எழுதினால் இரண்டு சொற்களும் நெருங்கித் தோன்றும் என்பதை ஓதத் தெரிந்த சகோதரிகள் அறிவார்கள்.

இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இந்தப் பேச்சை எடுத்தெழுதி, மூன்று காரணங்களால் அதை மறுத்தார்கள். முதலாவது, சொன்னவர் "இப்படிச் சொல்லப்படுகிறது" என்றுதான் சொன்னார். தான் அறிந்ததாகச் சொல்லவில்லை. இரண்டாவது, இப்னுல் பன்னா நிறையக் கேட்டவர், பிறரின் கல்வியைத் திருட வேண்டிய தேவை அவருக்கில்லை. மார்க்கப்பற்றுள்ளவர் மீது பொய்யைச் சந்தேகிப்பதும் அழகல்ல. மூன்றாவது காரணம் நமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. அப்படி நிறைய ஹதீஸ் கேட்ட நைஸாபூர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் அவர் எங்கே? யார் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்? யாருக்கு அவரைத் தெரியும்? ஹதீஸ் கேட்டதில் பெயரெடுத்தவர் எவருக்கும் தெரியாமல் மறைந்திருப்பது எப்படி?

சகோதரிகளே, இந்த மூன்று கேள்விகளையும் கவனியுங்கள். சொன்னவர் நேரில் அறிந்தவரா? சொல்லப்பட்டவரின் இயல்புக்கு அது பொருந்துகிறதா? சொல்லப்படும் ஆள் உண்மையில் இருந்தாரா? ஏடுகளுக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலுக்கு வரும் வதந்திகளுக்கும் இவை போதுமானவை.

இப்னுல் பன்னாவைப் பற்றி இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. கதீப் அல்பக்தாதீ தமது வரலாற்றில் தன்னை நம்பகமானவர்களோடு சேர்த்தாரா, பொய்யர்களோடு சேர்த்தாரா என்று அவர் விசாரித்தாராம். "உங்களை அவர் குறிப்பிடவே இல்லை" என்றார்களாம். பொய்யர்களோடு சேர்த்தாவது தன் பெயரை எழுதியிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அல்லாஹ் அறிவான். ஆனால் பெயர் விடுபட்டுப் போவது மனிதனுக்கு எவ்வளவு பாரமானது என்பதை அது காட்டுகிறது. அந்த மனிதரே தன் சொந்த ஏட்டில் எத்தனையோ சாதாரண மக்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

ஷைகு என்றால் யார்?

இன்னொரு நாட்குறிப்பையும் பார்ப்போம். டமஸ்கஸில் அஹ்மத் இப்னு தவ்க் என்றொருவர் இருந்தார். நீதிமன்றத்தில் சாட்சியாகவும் பத்திரங்கள் எழுதுபவராகவும் தொழில் செய்தவர். ஹிஜ்ரி 915 இல் வபாத்தானார். கி.பி. 1480 முதல் ஏறத்தாழ இருபது வருடங்கள் அவர் எழுதிய நாட்குறிப்பு, 2000 ஆம் ஆண்டு முதல் நான்கு பாகங்களாக டமஸ்கஸில் அச்சிடப்பட்டது. பத்திரப் பதிவுகள், சாமான்களின் விலை, பிறப்பு இறப்பு, வீட்டு விடயங்கள் என்று எல்லாம் அதில் உண்டு.

அதில் "ஷைகு" என்று ஒருவர் அடிக்கடி வருகிறார். டமஸ்கஸில் ஷைகுமார் எத்தனையோ பேர். ஆனால் இப்னு தவ்க்குக்கு ஷைகு ஒருவர்தான்: அவரது ஆசிரியரும் ஆதரவாளருமான தகிய்யுத்தீன் இப்னு காழி அஜ்லூன் (ரஹ்) அவர்கள். நமது வீடுகளில் "ஹஸரத்" என்றால் எந்த ஹஸரத் என்று குடும்பத்தார் அறிவது போலத்தான் இதுவும். வெறும் பட்டத்தால் அழைக்கப்படுபவர் எழுதியவரின் மனதுக்கு மிக நெருங்கியவராக இருப்பது வழக்கம். முழுப் பெயரோடும் ஊரோடும் எழுதப்படுபவரோ, பெரும்பாலும் தூரத்து மனிதராயிருப்பார். படிப்பவர் இந்தத் தலைகீழ் நியதியையும் மனதில் வைக்க வேண்டும்.

பெண்களின் பெயர்கள்

பழைய எழுத்துகளில் பெண்களைக் கண்டுகொள்வது இன்னும் சிரமம். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்", "ஒரு பெண்" என்று எழுதிவிடுவது வழக்கமாயிருந்தது. என்றாலும் நமது அறிஞர்கள் அதோடு விட்டுவிடவில்லை. ஹதீஸ்களில் "ஒரு மனிதர்", "ஒரு பெண்" என்று வருபவர்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே "முப்ஹமாத்" என்ற கலை உருவானது. எகிப்தின் அப்துல் கனீ அல்அஸ்தீ, பக்தாதின் கதீப், குர்துபாவின் இப்னு பஷ்குவால் (ரஹிமஹுமுல்லாஹ்) ஆகியோர் இதில் நூல்கள் எழுதினார்கள்.

மாதத் தீட்டிலிருந்து சுத்தமாவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்ட அன்ஸாரிப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவர் யார்? முஸ்லிம் கிரந்தத்தின் ஓர் அறிவிப்பில் அஸ்மா பின்த் ஷகல் என்று வருகிறது. கதீப் அவர்களோ அஸ்மா பின்த் யஸீத் (ரழி) என்கிறார்கள். பின்வந்தவர்கள் இரண்டு கருத்துகளையும் எழுதி வைத்தார்கள். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் காட்டவில்லை. இதுவே அமானிதம்.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்து வந்த ஒருவரின் செய்தியும் அப்படியே. அவர் ஆணா பெண்ணா என்பதிலேயே ஓர் அறிவிப்பாளருக்குச் சந்தேகம் இருந்தது. பைஹகீ (ரஹ்) அவர்களின் அறிவிப்பொன்றில் உம்மு மிஹ்ஜன் என்ற பெயர் கிடைக்கிறது. அவர் மௌத்தானபோது அதைப் பெரிய விடயமாகக் கருதாத மக்கள், நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கி விட்டார்கள். நபியவர்களோ அவரைக் காணாது விசாரித்து, ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லிப் போய்த் தொழுதார்கள். மக்கள் சிறியவர் என்று விட்டுவிட்டவரைத் தேடிச் செல்வது, ஆகவே, நமக்குப் புதிய காரியமல்ல.

பெண்களைத் தேடுபவருக்கு வேறு வாசல்களும் உண்டு. "தாரீகு பக்தாதின்" இறுதிப் பகுதி பெண்களுக்கானது. ஸகாவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டவர்களைப் பற்றி எழுதிய நூலின் பன்னிரண்டாம் பாகம் முழுவதும் பெண்களே. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். ஹதீஸ் கிதாபுகளின் ஓரங்களில் எழுதப்பட்ட "ஸமாஅ" சான்றுகளும் பெரும் பொக்கிஷமாகும். எந்தக் கிதாபு, எந்த நாளில், எந்த இடத்தில் ஓதப்பட்டது, யார் யார் கேட்டார்கள் என்று அவற்றில் எழுதுவார்கள். தாயோடு வந்த பிள்ளையின் வயது கூட எழுதப்பட்டிருக்கும். டமஸ்கஸ் நகரச் சான்றுகளிலுள்ள பெயர்களைத் தொகுத்து 1996 இல் ஒரு நூலே வெளிவந்தது. எங்கோ ஒரு நாட்குறிப்பில் "இன்னாரின் மகள்" என்று மட்டும் வந்த ஒருத்திக்கு, அப்படியொரு கிதாபின் ஓரத்தில் பெயர் காத்திருக்கலாம்.

தெரியாது என்பதும் ஒரு பதிலே

எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத சிலர் மிஞ்சத்தான் செய்வார்கள். அங்கே "அடையாளம் தெரியவில்லை" என்று எழுதுவதே கடமை. அறிவில்லாத ஒன்றின் பின்னால் போக வேண்டாம் என்று அல்குர்ஆனின் இஸ்ரா அத்தியாயம் நம்மைத் தடுத்திருக்கிறது. யாஸீன் ஸூராவில் நகரத்தின் கடைக்கோடியிலிருந்து ஓடி வந்த அந்த நல்ல மனிதரின் பெயரை அல்லாஹ் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய சொல்லும் முடிவும் நமக்குப் போதுமானவையாக உள்ளன. பெயர் தெரியாததால் ஒருவரின் பெறுமதி குறைந்து விடுவதில்லை. பொய்யான பெயரைச் சூட்டினால்தான் இருவருக்கு அநியாயம் நடக்கிறது: யாருடைய செயலோ அவருக்கும், யார் மீது சுமத்தப்பட்டதோ அவருக்கும்.

நமது வீடுகளின் அலுமாரிகளிலும் பழைய கணக்குக் கொப்பிகளும் கடிதங்களும் இருக்கக்கூடும். மூத்தாப்பா கைப்பட எழுதிய "மரைக்காருக்குக் கொடுத்தது", "ராத்தா வீட்டுக் கல்யாணம்" போன்ற வரிகள் அவற்றில் இருக்கலாம். அந்த மரைக்கார் யார், எந்த ராத்தா என்பதை மூத்தம்மா உயிரோடிருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் எழுதி, கொப்பிக்குள் வைத்து விடுங்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். மூல ஏட்டில் கை வைத்துத் திருத்தாதீர்கள். நீங்கள் புதிதாக எழுதும் எதிலும் தந்தை பெயர், ஊர், திகதி மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுடைய பெயரையும் எழுத மறக்காதீர்கள், சகோதரிகளே. "இன்னாரின் மனைவி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், நாளை உங்கள் பேத்தி உங்களையே தேட வேண்டி வரும்.

எல்லோருடைய பெயர்களையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அறிந்ததைச் சரியாகச் சொல்லவும், அறியாததில் வாய் மூடியிருக்கவும் அவன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.